பொதியோடு நான் வைத்த தாள்

இரண்டாயிரத்து ஐந்தாம் ஆண்டு, கார்த்திகை மாதம். ஒசூரை அடுத்த மத்திகிரியில், கால்நடைப் பண்ணைக்கு அருகில் இருந்த ஒரு வாடகை வீட்டில் நானும் என் துணைவியாரும் குடியிருந்தோம். முப்பத்து மூன்று ஆண்டுகள் பள்ளியில் தமிழ் கற்பித்து ஓய்வு பெற்றவன் நான். எங்களுக்கு ஒரே மகள். அவளுடைய கணவர் ஒசூர்த் தொழிற்சாலை ஒன்றில் பொறியாளராக இருந்தார். நிறுவனம் அவரை ஈராண்டுப் பணிக்காக வட ஐரோப்பிய நாடு ஒன்றுக்கு அனுப்பியது. மகளும் உடன் சென்றாள்.

சென்றபோது அவள் கருவுற்றிருந்தாள். ஐப்பசி இறுதியில், ஆறாம் மாதத்தில், குழந்தையை இழந்தாள். மருத்துவமனையில் நான்கு நாள் வைத்திருந்து வீட்டுக்கு அனுப்பினார்கள். மருமகன் பத்து நாள் உடனிருந்தார். பிறகு வேறொரு நகரத்தில் நடந்துகொண்டிருந்த எந்திர நிறுவல் பணிக்கு அவர் திரும்ப வேண்டியதாயிற்று. வார இறுதியில் மட்டுமே வீடு வருவார். ஏனைய நாள்களில், பனி பெய்யும் ஊரில், மொழி தெரியாத அடுக்ககத்தின் மூன்றாம் மாடியில், என் மகள் தனியாக இருந்தாள்.

என் துணைவியார் உடனே புறப்பட்டிருப்பார். ஆனால் அவருக்குக் கடவுச்சீட்டே இல்லை. ஏழாம் மாதத்தில் போகலாம் என்று விண்ணப்பித்திருந்தோம். வாடகை வீட்டு முகவரிக்குச் சான்று போதவில்லை என்று அது எங்கோ ஒரு மேசையில் கிடந்தது. எனவே அவர் தம்மால் செய்யக் கூடிய ஒன்றைச் செய்யத் தொடங்கினார். பிள்ளைப்பேற்று மருந்து கிளறினார்.

குழந்தை தங்கினாலும் தங்காவிட்டாலும் பெற்றவள் உடம்பு பச்சை உடம்புதான் என்பது அவருடைய கொள்கை. நாகரசம்பட்டியில் அவர் பிறந்த வீட்டில் அப்படித்தான் செய்வார்கள். நாற்பது நாளுக்குள் அந்த மருந்து வயிற்றில் போய்ச் சேர்ந்தால் உள்புண் ஆறும், இடுப்பு வலுப்படும், அடுத்த பிள்ளை நிலைக்கும். நாற்பது நாள் கடந்துவிட்டால் உண்டும் பயனில்லை. மருத்துவ அறிவியல் இதற்கு என்ன சொல்லும் என்று நான் கேட்கவில்லை. கேட்கும் முகமாக அவர் முகம் அப்போது இல்லை.

சுக்கு, மிளகு, திப்பிலி, சித்தரத்தை, ஓமம், சதகுப்பை என்று பதினான்கு சரக்கு. நாட்டு மருந்துக் கடையில் கேட்டது கிடைக்காமல் என்னைத் தேன்கனிக்கோட்டைக்குப் பேருந்தேற்றி மலைத்தேன் வாங்கிவரச் செய்தார். வறுத்து, இடித்து, மும்முறை சலித்து, வெல்லப் பாகில் நெய் விட்டுக் கிளறி முடித்தபோது இழப்பு நேர்ந்து எட்டு நாள் ஆகியிருந்தது. அவர் நாள்காட்டியில் எதையும் குறித்து வைக்கவில்லை. ஆனால் ஒவ்வொரு காலையும் பல் துலக்கும் முன் நாள் எண்ணிக்கையைச் சொல்லிவிட்டுத்தான் அடுப்படிக்குப் போவார்.

மறுநாள் மருந்தைக் கண்ணாடிக் குப்பியில் அடைத்து, அட்டைப் பெட்டியில் வைத்து, நகரப் பேருந்தில் மடியில் சுமந்துகொண்டு ஒசூரில் ஓர் அஞ்சலகத்துக்குச் சென்றேன். அங்கே பொதிகளை வாங்கும் எழுத்தர், நாற்பது வயது மதிக்கத்தக்க ஒரு பெண்மணி. வீட்டுமொழி தெலுங்கு. வரிசையில் ஒருவரிடம் தெலுங்கு, அடுத்தவரிடம் கன்னடம், எனக்குத் தமிழ் என்று மூச்சு விடாமல் மாற்றி மாற்றிப் பேசுவார். பெட்டியை எடுத்துக் காதருகே வைத்து ஆட்டிப் பார்த்தார்.

“கண்ணாடிங்களா ஐயா? ஆவாதுங்க. விமானத்துல தூக்கித் தூக்கிப் போடுவாங்க. ஒடஞ்சுதுன்னா அடுத்தவங்க பார்சலும் சேந்து நாறிப்போவும்.”

திரும்பினேன். நெகிழிக் கொள்கலனில் மாற்ற என் துணைவியார் உடன்படவில்லை. சூட்டு மருந்து அதில் கெட்டுவிடுமாம். எவர்சில்வர்ச் சம்படம் ஒன்றை வாங்கி, அதில் மாற்றினோம். அயல்நாட்டுப் பொதியை வெள்ளைத் துணியில் தைத்து அரக்கு வைக்க வேண்டும் என்று யாரோ சொன்னார்கள். பேருந்து நிலையத்துக்குப் பின்னால் ஒரு தையற்காரர் அந்த வேலை செய்வார். கன்னடத்துக்காரர், பேச்சும் கையும் ஒரே விரைவில் ஓடும். பெட்டியைச் சுற்றிக் காடாத் துணியை அளந்து வெட்டிக்கொண்டே சிரித்தார்.

“இது கொழந்தைக்குச் சட்டை தைக்கிற மாதிரிதான் சார். கை மட்டும் வெக்கறதில்ல. ஆயித்து, எடுத்துக்கோங்க.”

அவர் அறிந்து சொன்னதன்று. அந்த வெள்ளைப் பொதியை இரு கையிலும் ஏந்திக்கொண்டு நான் சாலையைக் கடந்தேன். வீட்டில் இதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

துணியின் மேல் நீல மையால் முகவரியை அச்சடித்ததுபோல் எழுதினேன். அஞ்சலகத்தில் அந்தப் பெண்மணி அதைப் பார்த்து, “கையெழுத்து என்னமா இருக்குது!” என்று வியந்தார்; உடனே, “ஆனா தெக்கறதுக்கு முன்னாடி எனக்குக் காமிச்சிருக்கணுமே ஐயா. உள்ள என்னா இருக்குதுன்னு பாக்காம நான் எப்டி வாங்கறது?” என்றார். அந்தத் தையலை நானே பிரித்தேன். பிரித்தபோது பெட்டியின் அடியில் எண்ணெய்க் கறை. நெய் கசிந்து அட்டையை நனைத்திருந்தது. “இது மெட்ராசு போறதுக்குள்ளயே பொத்துக்கும்” என்றார் அவர். மீண்டும் மத்திகிரி. மீண்டும் துணைவியார் மூடியின் விளிம்பில் மாவு பிசைந்து ஒட்டி, அதன்மேல் மெழுகு உருக்கி ஊற்றினார்.

அடுத்த நாள் விடுமுறை. அதற்கு அடுத்த நாள், தொழிற்சாலைப் பேருந்துகள் முறை மாறும் நேரத்தில் சாலை அடைபட்டு, நான் போய்ச் சேர்ந்தபோது பொதிகள் வாங்கும் நேரம் முடிந்திருந்தது. மறுநாள் அந்தப் பெண்மணி விடுப்பு. அவருக்கு மாற்றாக அமர்ந்திருந்தவர் அயல்நாட்டுக் கட்டண ஏட்டைப் புரட்டிப் புரட்டிப் பார்த்துவிட்டு, “மேடம் வந்துரட்டும் சார், நான் தப்பா போட்டுட்டா உங்களுக்குத்தான் கஷ்டம்” என்றார். இப்படிச் சொல்லும்போது இவை எல்லாம் சின்னஞ்சிறு இடையூறுகள். எவர்மீதும் குற்றமில்லை. ஆனால் ஒவ்வொன்றும் ஒரு நாளைத் தின்றது. வீட்டுக்குள் நுழையும்போதே என் துணைவியார் என் கையைப் பார்ப்பார். பெட்டி திரும்பி வந்திருப்பதைக் கண்டதும் ஒன்றும் கேட்காமல் வாங்கி அலமாரியில் வைப்பார். மறுநாள் காலை, “பதினஞ்சு” என்பார். அதற்கு மறுநாள், “பதினாறு.”

பதினாறாம் நாள் அந்தப் பெண்மணி இருக்கையில் இருந்தார். என்னைக் கண்டதும் எழுந்து பெட்டியை வாங்கிக்கொண்டார். கரித்தாள் வைத்த சுங்கப் படிவத்தை நீட்டினார்.

“உள்ள என்னா ஐயா?”

“மருந்து.”

“என்னா மருந்துங்க?”

“பிள்ளைப்பேற்று மருந்து, அம்மா. மகள் அங்கே இருக்கிறாள்.”

அவர் முகம் மலர்ந்தது. “அட! இத மொதல்லயே சொல்லக் கூடாதா? பேரனா பேத்திங்களா?”

“இரண்டும் இல்லை. எடையைப் பாருங்கள்” என்றேன்.

குரல் என்னையும் மீறிக் கடுமையாக வந்தது. அவருக்குப் புரிந்துவிட்டது. கை தானாகத் தராசுக்குப் போயிற்று; சிறிது நேரம் என் முகத்தைப் பார்க்கவில்லை. நான் உள்ளடக்கம் என்னும் கட்டத்தில் ‘மருந்து’ என்று ஆங்கிலத்தில் எழுதத் தொடங்கியதும் குனிந்து தாழ்ந்த குரலில் சொன்னார்.

“ஐயா, மருந்துன்னு எழுதாதீங்க. அந்தச் சொல்லப் பாத்தாலே அங்க நிறுத்திப்புடுவாங்க. வெல்லம் போட்டிருக்கீங்க, நெய்யி போட்டிருக்கீங்க. இனிப்புன்னு எழுதுங்க. இதுல பொய் என்னா இருக்குது?”

என் பின்னால் நின்றவர் எட்டிப் பார்த்தார். “எழுதுங்க சார். எங்க மச்சானுக்கு மாங்கா ஊறுகாயவே புத்தகம்னு எழுதி அனுப்புனோம். போய்ச் சேந்துச்சே!”

“புத்தகத்துல எண்ணெ வழிஞ்சுதுன்னா என்னா சொல்லுவ?” என்றார் எழுத்தர்.

“சமையல் புத்தகம்னு சொல்றது.”

வரிசை முழுவதும் சிரித்தது. நான் சிரிக்கவில்லை. முப்பத்து மூன்று ஆண்டுகள் பிள்ளைகளுக்கு வாய்மையைக் கற்பித்தவன், அரசுப் படிவத்தில் மருந்தை இனிப்பு என்று எழுதமாட்டேன் என்று அந்த வரிசைக்கே கேட்கும்படி சொன்னேன். அதோடு நிறுத்தவில்லை. ஒரு நாட்டின் ஒழுக்கம் அதன் படிவங்களில் தெரியும் என்பதுபோல் ஏதோ சொன்னேன். அந்தப் பெண்மணி கையைக் கட்டிக்கொண்டு மாணவியைப்போல் கேட்டார். கேட்டு முடித்துவிட்டு, “சரிங்க ஐயா. அப்ப மருந்துன்னே போடுங்க. ஆனா வெறும் மருந்துன்னா ஒத்துக்க மாட்டாங்க. உள்ள என்னென்ன சேந்திருக்குது, எதுக்குச் சாப்பிடறது, எல்லாத்தையும் இங்கிலீசுல ஒரு தாள்ல வெவரமா எழுதி வெச்சிடுங்க. அதுவாவது ஒதவுதான்னு பாக்கலாம்” என்றார்.

அன்று மாலையும் மறுநாளும் நூலகத்தில் அமர்ந்தேன். பதினான்கு சரக்குக்கும் ஆங்கிலப் பெயரும், தாவர நூல் வழங்கும் இலத்தீன் பெயரும் தேடி எடுத்தேன். வாய்விளங்கத்துக்குப் பெயர் கிடைத்தபோது என்னுள் எழுந்த மகிழ்ச்சியை மறைப்பானேன்? பல நாள்களுக்குப் பின் எனக்குத் தெரிந்த வேலை ஒன்று கையில் கிடைத்திருந்தது. கோடிட்ட தாளில் பட்டியல் எழுதினேன். இறுதியில் ‘பயன்’ என்று தலைப்பிட்டு இரண்டு வரி சேர்த்தேன். மகப்பேற்றுக்குப் பின் தாயின் உடல் தேற எங்கள் மக்கள் வழிவழியாக உண்ணும் மருந்து இது. அண்மையில் குழந்தை ஈன்ற என் மகளுக்காக அவளுடைய தாய் தம் கையால் செய்தது. ஆங்கிலத்தில் எழுதியதன் பொருள் அதுதான்.

எழுதும்போது ஒரு கணம் நின்றேன். குழந்தை இல்லை என்பதைக் குறிப்பிட வேண்டுமா? சுங்க அலுவலருக்கு அது எதற்கு என்று தோன்றிற்று. ஈன்றாள் என்பதில் பொய் இல்லையே. ஆறாம் மாதத்தில் ஆனாலும் அவள் ஈன்றவள்தான்.

வீட்டில் அதைத் தமிழாக்கிப் படித்துக் காட்டினேன். என் துணைவியார் கீரை ஆய்ந்துகொண்டே கேட்டார். முடிந்ததும் கை நின்றது.

“எல்லாஞ் சரி. அந்தக் கடேசி வரி வேணுங்களா?”

“பயன் கூறாமல் சரக்கை மட்டும் கூறுவது குறைபாடு.”

“இங்கயும் வகுப்பு எடுக்காதீங்க” என்றார். பிறகு குரல் இறங்கி, “படிச்சவங்க நீங்க. உங்களுக்குத் தெரியாததா? வெச்சிடுங்க” என்றார்.

வைத்தேன். பதினெட்டாம் நாள் அந்தப் பெண்மணி பெட்டியைத் திறந்து பார்த்து, தாளை மேலாக மடித்து வைக்கச் சொன்னார். தையற்காரர் கடைக்குப் போய்த் தைத்துக்கொண்டு வருவதற்குள் நேரம் முடிந்துவிட்டது. பத்தொன்பதாம் நாள் காலை அரக்கு முத்திரைகள் வைக்கப்பட்டு அது என் கையை விட்டுப் போயிற்று. “பத்துப் பதினஞ்சு நாள்ல போயிரும் ஐயா. சாமிய வேண்டிக்கோங்க” என்றார் அவர். நான் சாமியை வேண்டுபவன் அல்லன், அன்று வேண்டினேன்.

ஞாயிறுதோறும் மகள் தொலைபேசியில் பேசுவாள். பேசுவதற்கு அவளிடம் ஒன்றும் இருக்காது. பனி பெய்கிறது என்பாள். தூக்கம் வரவில்லை என்பாள். பால் கட்டிக்கொண்டது, மார்பு வலிக்கிறது என்று ஒரு முறை தாயிடம் சொன்னதை நான் அடுத்த அறையிலிருந்து கேட்டேன். என் துணைவியார் ஒவ்வொரு முறையும் அவளிடம் சொன்னது ஒன்றுதான். “மருந்து வந்துட்டிருக்குது கண்ணு. வந்ததும் வெறும் வயித்துல ஒரு நெல்லிக்காய் அளவு. எல்லாஞ் சரியாப் போவும்.”

முப்பத்து நான்காம் நாள். ஞாயிறு இல்லை, வேலை நாள், நண்பகல் வேளை. தொலைபேசி ஒலித்தது. நான் எடுத்தேன்.

“அப்பா, அம்மா பக்கத்துல இருக்காங்களா?”

“இல்லை. தெருமுனையில் காய் வாங்கப் போயிருக்கிறார்.”

“அப்ப சொல்றேன்.”

சொன்னாள். அழவில்லை. யாருக்கோ நடந்ததைச் சொல்வதுபோல் சொன்னாள். பொதி சுங்கத்தில் நிறுத்தப்பட்டிருக்கிறது, நேரில் வரவும் என்று அவளுக்கு மடல் வந்திருக்கிறது. கணவர் ஊரில் இல்லை. நாற்பது நாள் முடிய இன்னும் ஆறே நாள் என்பது அவளுக்கும் தெரியும். முந்தைய நாள் காலை அவளே புறப்பட்டிருக்கிறாள். இரண்டு தொடர்வண்டி மாறி, பனியில் அரை மணி நடந்து, அந்த அலுவலகத்துக்குப் போயிருக்கிறாள். அங்கே இருந்தவர் என் வயதொத்த ஒருவர். அவள் முன்னிலையில் துணியைக் கத்தரித்துப் பெட்டியைத் திறந்தார். என் தாளை எடுத்தார். படித்தார். மறுபடியும் படித்தார்.

“பட்டியலப் பாத்துட்டு அசந்துட்டாருப்பா. இவ்வளவு வெவரமா யாரும் எழுதி வெச்சதில்லன்னு சொன்னாரு. அப்பறம் எந்திரிச்சு மேசையச் சுத்தி வந்து என் கையப் புடிச்சுக் குலுக்கினாரு. வாழ்த்துச் சொன்னாரு. பக்கத்து அறைல இருந்த ஒரு அம்மாவக் கூப்புட்டு, இவங்களுக்குக் கொழந்த பொறந்திருக்குன்னு சொன்னாரு. அவங்களும் வந்து கையக் குடுத்தாங்க.”

தொலைபேசியை மறு காதுக்கு மாற்றினேன்.

“ஆணா பொண்ணான்னு கேட்டாங்க. பொண்ணுன்னேன். பேரு என்னன்னு கேட்டாங்கப்பா.”

“நீ என்னம்மா சொன்னாய்?”

“பேரச் சொன்னேன்.”

அவளுடைய ஐந்தாம் மாதத்தில் நான் இருபது பெயர் எழுதி அனுப்பியிருந்தேன். அத்தனையும் நல்ல தமிழ்ப் பெயர்கள், பொருள் விளக்கத்தோடு. அவற்றுள் மூன்றாவதை அவர்கள் எடுத்து வைத்திருக்கிறார்கள். அதுவரை அவள் எங்களிடம்கூடச் சொன்னதில்லை. அந்தப் பெயர் முதன்முதலாக ஒருவர் காதில் விழுந்தது அந்த அலுவலகத்தில்தான். அந்த அம்மையார் அதைச் சொல்லிப் பார்த்தாராம். நாக்குப் புரளாமல் சிரித்தாராம். என் மகள் மூன்று முறை திருத்திச் சொல்லிக் கொடுத்தாளாம்.

அவ்வளவு அன்பாக இருந்தவர்கள் மருந்தை மட்டும் தரவில்லை. தர அவர்களுக்கு அதிகாரம் இல்லை. மருத்துவர் மடல் கொண்டு மறுபடியும் வர வேண்டும். இல்லையேல் அனுப்பியவருக்கே திருப்பலாம். இல்லையேல் அங்கேயே அழித்துவிடலாம். எதுவென்று குறியிட்டுக் கையொப்பம் இட வேண்டும்.

“மறுபடியும் அங்க போவ முடியாதுப்பா. அடுத்த தடவ கொழந்தையையும் கூட்டிட்டு வாங்கன்னு சொன்னாங்க. திரும்பி வந்தா அம்மா பாத்துடுவாங்க. அதனால அழிச்சிடச் சொல்லிக் கையெழுத்துப் போட்டுட்டேன்.”

பிறகு அவள் சொன்னாள்.

“நீங்க நல்லாத்தான் எழுதியிருந்தீங்கப்பா. ஒரு தப்பும் இல்ல.”

அதில் குத்தல் இருந்ததா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. இல்லை என்றே எண்ணுகிறேன். அது இன்னும் கொடிது. எழுத்தர் பெண்மணி பேரனா பேத்தியா என்று கேட்டபோது என் நெஞ்சில் முள் குத்தியது; என் தாள் அதைப் படிக்கும் எவரையும் அதே கேள்வியைக் கேட்க வைக்கும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. கேட்கப்படப் போகிறவள் என் மகள் என்று தோன்றவில்லை. என் துணைவியாருக்குத் தோன்றியிருக்கிறது. கீரையை வைத்துவிட்டு அவர் கேட்டது அதைத்தான். நான் குறைபாடு என்ற சொல்லால் அவர் வாயை அடைத்தேன்.

“அம்மாகிட்ட வந்துடுச்சுன்னு சொல்லிடுங்க. நான் சாப்பிடறேன்னு சொல்லிடுங்கப்பா” என்று மகள் வைத்துவிட்டாள்.

துணைவியார் பையோடு படியேறி வந்தார். “யாரு போன்ல?” என்றார். என் கை இன்னும் தொலைபேசிமீது இருந்தது.

“மகள்தான். பொதி கிடைத்துவிட்டதாம்.”

பை கீழே இறங்கிற்று. தக்காளி ஒன்று உருண்டு நாற்காலிக்கு அடியில் போனது. அவர் அதைப் பார்க்கவில்லை. விரல்களை மடித்து எண்ணினார். “இன்னும் ஆறு நாள் இருக்குதுங்க. ஆறு நாள் போதும். ஆறு நாள் சாப்பிட்டாலே புடிச்சுக்கும்” என்றார். அந்த மாதத்தில் நான் கண்ட ஒரே மலர்ச்சி அது. அன்று மாலை பண்ணைக்கு எதிரே இருந்த பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்துவிட்டு வந்தார்.

அடுத்த ஞாயிறு மகளிடம், “எப்டிடி இருக்குது?” என்று கேட்டார். “காரமா இருக்கும்மா” என்றாள் அவள். “காரமாத்தான் இருக்கும். வெந்நீ குடி” என்று இவர் பெருமையோடு சிரித்தார். நான் நாளேட்டை முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டிருந்தேன்.

சில நாள் கழித்து ஓய்வூதியம் தொடர்பாக அந்த அஞ்சலகத்துக்குப் போக வேண்டியிருந்தது. அந்தப் பெண்மணி கூண்டுக்குள்ளிருந்தே கூப்பிட்டார். “ஐயா, பார்சல் போயிருச்சுங்களா?” போய்ச் சேர்ந்தது என்றேன். “பாத்தீங்களா! நான்தான் வீணா பயந்தேன். நீங்க எழுதுன தாள்தான் ஐயா காப்பாத்துச்சு” என்றார். வரிசையில் நின்றவர்கள் என்னை மதிப்போடு பார்த்தார்கள். அன்றைக்குப் பிறகு வேறோர் அஞ்சலகத்துக்குப் போக ஆரம்பித்தேன்.

இத்துடன் முடிந்திருந்தால் இதை எழுதியிருக்க மாட்டேன். ஈராண்டு கழித்து மகளும் மருமகனும் திரும்பி வந்தார்கள். அதன்பின் அவளுக்குக் குழந்தை தங்கவில்லை. பெங்களூரில் இரண்டு மருத்துவமனை, சேலத்தில் ஒன்று. ஒவ்வொரு முறையும் சில வாரங்களில் கலைந்தது. பிறகு அவர்கள் முயல்வதை நிறுத்திவிட்டார்கள். மருத்துவர்கள் வேறு காரணம் கூறினார்கள். அந்த மருந்துக்கும் இதற்கும் தொடர்பில்லை என்பதை நான் அறிவேன். ஆனால் என் துணைவியார் மருத்துவர்களைக் கேட்கவில்லை. தம்மைத்தாமே கேட்டுக்கொண்டார்.

சோறு வடிக்கும்போது திடீரென்று, “திப்பிலி கூடிப்போச்சுங்களா?” என்பார். துணி உலர்த்தும்போது, “அந்தத் தேனுதாங்க. மலைத்தேன்னு சொல்லிப் பாகக் கலந்து குடுத்துட்டான். சூடு உள்ள நின்னுருச்சு” என்பார். “எங்கம்மா செஞ்சு சாப்பிட்டு நாங்க அஞ்சு பேரு. நான் செஞ்சதச் சாப்பிட்டு எம்பொண்ணு வயிறு மூடிக்கிச்சு” என்று ஒரு முறை சொன்னார். மகளிடமே கேட்டும் பார்த்தார்: “உண்மையச் சொல்லுடி. கசந்துதா? அடிப்புடிச்ச வாசன வந்துதா?” மகள் என்னைப் பார்த்தாள். “நல்லா இருந்துச்சும்மா” என்றாள்.

அப்போது சொல்லியிருக்கலாம். ஒவ்வொரு முறையும் சொல்ல வாய் திறந்தேன். சொன்னால் சுங்க அலுவலகமும், அந்தக் கைகுலுக்கலும், பெயரும், என் தாளும் எல்லாம் வெளிவரும். மகளின் பொருட்டு மறைக்கிறேன் என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். அது பாதி உண்மை. மறு பாதி, அந்தக் கடைசி வரி வேணுங்களா என்று கேட்டவரின் முகத்தை என்னால் எதிர்கொள்ள முடியாது என்பது.

என் துணைவியார் இப்போது இல்லை. தம் கையால் செய்த மருந்து தம் மகளின் வயிற்றைக் கெடுத்துவிட்டது என்னும் எண்ணத்தோடே போய்ச் சேர்ந்தார். அந்த மருந்தில் ஒரு துளிகூட மகளின் நாவில் பட்டதில்லை என்பதை அறியாமலே போனார். உண்மை பேசுபவன் என்று என்னைப் பற்றி நம்பியிருந்த நான், கேட்காத ஓர் அயலாருக்கு பதினான்கு சரக்கின் உண்மையையும் இலத்தீன் பெயரோடு எழுதிக் கொடுத்துவிட்டு, பல ஆண்டுகள் என் பக்கத்திலேயே இருந்து கேட்டுக்கொண்டிருந்தவரிடம் ஒரே ஒரு வரி உண்மையைச் சொல்லாமல் வழியனுப்பிவிட்டேன் என்பதுதான் அந்தப் பொதி எனக்கு இன்றும் சொல்லிக்கொண்டிருப்பது.